இரவல் போன ட்ரில் மெஷின்



அல்குர்ஆனின் 107ஆவது அத்தியாயம் ஸூரத்துல் மாஊன். ஏழே வசனங்கள். குர்ஆன் மத்ரஸாவில் நம் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே மனனம் செய்துவிடும் சிறிய ஸூராக்களில் அதுவும் ஒன்று. அநாதையை விரட்டுபவனையும், ஏழையின் பசியைப் பற்றிக் கவலைப்படாதவனையும், தொழுகையில் பராமுகமாக இருப்பவனையும், பிறர் காண்பதற்காக அமல் செய்பவனையும் கண்டித்துக்கொண்டே வந்து, கடைசியில் மாஊனைக் கொடுக்காமல் தடுத்துக்கொள்பவனில் போய் அந்த ஸூரா நிற்கிறது.

மாஊன் என்பது என்ன? அது ஸகாத்தையே குறிக்கும் என்று விளக்கம் சொன்ன ஸஹாபாக்களும் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களோ, நபி (ஸல்) அவர்களின் காலத்தில் வாளியையும் சமையற் பாத்திரத்தையும் ஒருவருக்கொருவர் இரவல் கொடுப்பதைத்தான் தாங்கள் மாஊன் எனக் கருதி வந்ததாக அறிவித்திருக்கிறார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அடுப்படிப் பாத்திரம் ஒன்றை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க மனம் வராமல் போவதை, தொழுகையில் பராமுகமாக இருப்பதோடு ஒரே ஸூராவில் சேர்த்துச் சொல்லுமளவுக்கு அல்லாஹுத்தஆலா இதைப் பாரதூரமாகக் காட்டுகிறான் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நமது உம்மும்மாமார் காலத்தில் உரலும் உலக்கையும் மண்வெட்டியும் ஏணியும் வீட்டுக்கு வீடு போய்வந்தன. இன்று அந்த வரிசையில் ட்ரில் மெஷினும் சேர்ந்துவிட்டது. ஒரு ஒழுங்கையில் இருபது வீடு இருந்தால் இரண்டு வீட்டில்தான் அது இருக்கும். சுவரில் கடிகாரம் மாட்டவும், திரைச்சீலைக் கம்பி போடவும், கல்யாண வீட்டுக்கு விளக்கு கட்டவும் அந்த இரண்டு மெஷினும்தான் ஊரைச் சுற்றும். கொடுப்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் திரும்பி வரும்போது அது போன மாதிரியே வராவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியோடு சில மாதங்களுக்கு முன் இரண்டு சகோதரிகள் ஒரே நாளில், ஆனால் தனித்தனியாக, என் வீட்டுக்கு வந்தார்கள். இருவருக்கும் இடையே ஒரு மதில்தான். ஒருவருடைய கணவர் கட்டாரில் தொழில் பார்க்கிறார். லீவில் வந்தபோது கொண்டுவந்த மெஷின் அது. மற்றவருடைய மகன் மின்விசிறிக்குக் கொளுக்கி போடுவதற்காக அதை இரவல் வாங்கி, வீட்டின் கொங்கிரீட் சிலாப்பில் துளை போட்டிருக்கிறான். திரும்பி வந்தபோது துளைக்கும் அலகு மெஷினின் வாயிலேயே இறுகிப் போயிருந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினாலும் அசையவில்லை.

"நல்லா இருந்த மெஷினத்தான் குடுத்தன் மௌலவி. பழுதாக்கித்தான் தந்திருக்கிறாங்க. அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் முதலாமவர். "எங்கட கைக்கு வரும்போதே அது இறுக்கமாத்தான் இருந்திச்சு. எத்தனை வீட்டுக்குப் போன சாமான் மௌலவி அது! கடைசியா வாங்கின நாங்க மட்டும் புதுசு வாங்கிக் குடுக்கணுமா?" என்றார் இரண்டாமவர். பதினொரு நாட்களாக இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பிள்ளைகள் கூட மற்ற வீட்டு வாசலால் போகக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது. ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் பேச்சை முறித்துக்கொள்வது ஆகுமானதல்ல என்ற ஹதீஸை இருவருமே அறிந்திருந்தார்கள். பயான்களில் எத்தனையோ தடவை கேட்டிருப்பார்கள்.

இருவருக்கும் நான் சொன்னது ஒன்றுதான். தீர்ப்பைப் பிறகு பார்ப்போம், முதலில் மெஷினைக் கொண்டு வாருங்கள். ஏனென்றால் பழுது எது என்று தெரியாமல் பழி யாருக்கு என்று எப்படிச் சொல்வது? என் வீட்டின் பின் விறாந்தையில் சிறிய வேலை மேசை ஒன்று உண்டு. மெஷின்காரரின் பதினான்கு வயது மகன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுடைய உம்மா என் மனைவியோடு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

சகோதரிகளே, அந்த மெஷினின் வாயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது உங்களுக்குப் பயன்படும். அதைச் 'சக்' என்பார்கள். உள்ளே மூன்று தாடைகள் சரிந்த மூன்று துவாரங்களில் படுத்திருக்கின்றன. அவற்றின் வெளிப்புறத்தில் புரி வெட்டப்பட்டிருக்கும். வெளியே நாம் காணும் பல் வைத்த வளையத்தைச் சாவியால் சுற்றும்போது, உள்ளே இருக்கும் ஒரு வளைய நட் சேர்ந்து சுற்றி அந்தப் புரிகளைத் தள்ளும். தாடைகள் மூன்றும் முன்னே வந்து ஒன்றையொன்று நெருங்கி அலகைக் கவ்விக்கொள்ளும். எதிர்ப்பக்கம் சுற்றினால் பின்னே போய் விரியும். இன்று உலகமெங்கும் உள்ள இந்த வகைச் சக்குக்கு அமெரிக்காவைச் சேர்ந்த ஆர்தர் ஜேக்கப்ஸ் என்பவர் 1902இல் காப்புரிமை பெற்றார். நூறு வருடங்களுக்கு மேலாகியும் அமைப்பு பெரிதாக மாறவில்லை.

தாடைகளுக்கும் துவாரங்களுக்கும் இடையில் உள்ள இடைவெளி மிகச் சொற்பம். அதற்குள் எது புகுந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். நம் நாட்டில் புகுவது பெரும்பாலும் இரண்டு. ஒன்று, சீமெந்துத் தூள். அதிலும் தலைக்கு மேலே சிலாப்பில் துளை போடும்போது தூள் நேரே சக்கின் வாய்க்குள்தான் கொட்டும். மற்றது, துரு. பேருவளை, காத்தான்குடி, கல்முனை போன்ற கடலோர ஊர்களில் இருக்கும் சகோதரிகளுக்கு உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியே சாட்சி சொல்லும். இந்த இரண்டும் சேர்ந்துகொண்டால் சக் ஊமையாகிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றி மேசை மேல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைக்க வேண்டும். பற்றரி மெஷின் என்றால் பற்றரியைக் கழற்றி வைக்க வேண்டும். சக்கில் கை வைத்திருக்கும்போது பொத்தான் தெரியாமல் அழுத்துப்பட்டால் விரல் போய்விடும்.

பலர் செய்யும் தவறு, இறுகியதைக் கண்டவுடன் எண்ணெயை ஊற்றுவது. தூளின் மேல் எண்ணெய் பட்டால் அது களிம்பாகி இடுக்குகளில் அப்பிக்கொள்ளும். ஆகவே முதலில் காய்ந்த நிலையிலேயே தூளை வெளியேற்ற வேண்டும். மெஷினைத் தலைகீழாக, சக் நிலத்தைப் பார்க்கும்படி பிடித்து, ஒரு மரக்கட்டையால் சக்கைச் சுற்றிவர மெதுவாகத் தட்டச் சொன்னேன். பையன் தட்டினான். கீழே விரித்திருந்த பத்திரிகைத் தாளில் வெள்ளைச் சாம்பல் நிறத்தில் தூள் கொட்டியது. பழைய பல் பிரஷ்ஷால் தாடைகளின் இடுக்குகளைத் துடைத்தான். மீண்டும் தட்டினான், மீண்டும் கொட்டியது. சைக்கிள் பம்பால் காற்றடித்தபோது இன்னும் வந்தது. வாயால் ஊதக் கூடாது, கண்ணில் விழும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது நல்லது. கொங்கிரீட் தூள் நுரையீரலுக்குக் கெடுதி.

தூள் வருவது நின்ற பிறகுதான் எண்ணெய். ஹாட்வெயார் கடையில் துரு இளக்கும் ஸ்ப்ரே வாங்கலாம். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் மண்ணெண்ணெயே போதும். வளையமும் உடலும் சேரும் கோட்டிலும், தாடைகளின் இடுக்குகளிலும் சில சொட்டுகள். அப்போதும் சக் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் எண்ணெய் வழிந்து மோட்டருக்குள் போய்விடும். ஒரு கயிற்றால் மெஷினை மேசை ஓரத்தில் தொங்கவிட்டு, கீழே ஒரு தகரப் பேணியை வைத்து, இரவு முழுக்க விட்டோம். அடுப்புக்கும் சிகரட்டுக்கும் தூரமான இடமாக அது இருக்க வேண்டும். நெருப்புக் காட்டிச் சூடாக்கும் வேலையை மெஷினில் ஒருபோதும் செய்யக் கூடாது.

மறுநாள் சாவியைப் போட்டோம். சாவியைப் போடும் துவாரங்கள் மூன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலானோர் ஒரே துவாரத்தில் வைத்து முக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். மூன்றிலும் மாறி மாறி முயன்று பார்க்க வேண்டும். இறுகியதைத் தளர்த்துவதற்கு இடப்பக்கமாகத்தான் திருப்ப வேண்டும் என்றாலும், ஒரு மயிரளவு வலப்பக்கம் இறுக்கிப் பார்த்துவிட்டு இடப்பக்கம் திருப்பினால் பிடிப்பு விடும். சாவியின் கைப்பிடியில் மரச் சுத்தியலால் சுருக்கென்று ஒரு சிறு தட்டு, நீண்ட நேரம் மூச்சைப் பிடித்து முக்குவதை விடப் பலன் தரும். சாவியில் குழாயைச் செருகி நீளமாக்கி நெம்பினால் பற்கள்தான் உடையும். அன்று அது அசையவில்லை. இன்னும் சில சொட்டு எண்ணெய் விட்டு மீண்டும் தொங்கவிட்டோம். இரண்டாம் இரவுக்குப் பிறகு, ஸுபஹ் தொழுதுவிட்டு வந்த பையன் சாவியை வைத்துத் தட்டியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். வளையம் கால் சுற்றுச் சுற்றியது. அலகு கையோடு வந்தது.

அதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியே விட்டால் அடுத்த வாரம் மறுபடியும் இறுகும். தாடைகளை முழுவதுமாக விரித்து வாய்க்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தால், இடம் வலம் இரண்டு பக்கமும் சுழலும் மெஷின்களில் அடியில் ஓர் ஆணி தெரியும். இந்த ஆணியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண ஆணியை இடப்பக்கம் திருப்பினால் கழரும். இது எதிர்ப்புரி ஆணி, வலப்பக்கம் திருப்பினால்தான் கழரும். தெரியாதவர் இடப்பக்கம் முக்கி அதன் தலையையே அழித்துவிடுவார். ஆணி கழன்ற பின், ஆறு மூலை கொண்ட வளைந்த எலன் கீயில் பெரியது ஒன்றைச் சக்கில் கவ்வ வைத்து, அதன் நீண்ட கையில் இடப்பக்கமாகச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் சக் மெஷினிலிருந்து கழன்று வந்துவிடும். மோட்டர் வேறு, சக் வேறு ஆன பிறகு பயமில்லை. சக்கை மண்ணெண்ணெய்ப் பேணிக்குள் ஒரு நாள் ஊறப் போட்டு, இடையிடையே எடுத்துத் தாடைகளை விரித்தும் ஒடுக்கியும் பல் பிரஷ்ஷால் தேய்த்தால் உள்ளே இருக்கும் அழுக்கெல்லாம் வெளியேறும்.

சக்கை முற்றாகப் பிரித்துக் கழுவுவோரும் இருக்கிறார்கள். அதற்கு வைஸில் வைத்து வளையத்தை அழுத்திக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் நட் இரண்டு பாதிகளாக வரும். ஒரே நட்டை உடைத்துச் செய்த பாதிகள் என்பதால் உடைந்த இடம் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும் விதத்தில்தான் திரும்ப வைக்க வேண்டும். மூன்று தாடைகளும் பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் ஒன்றல்ல. புரி தொடங்கும் இடம் ஒவ்வொன்றிலும் வேறுபடும். அதனால்தான் அவற்றில் 1, 2, 3 என்று இலக்கம் பொறித்திருப்பார்கள். இடம் மாற்றிப் போட்டால் அலகு கோணலாக நிற்கும். பழக்கமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஊறப் போட்டுத் தேய்ப்பதே பத்தில் எட்டுக்குப் போதும்.

கழுவிய பின் நன்றாகக் காய வைத்து, தையல் மெஷினுக்குப் போடும் மெல்லிய எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, தாடைகளை ஓட விட்டு, மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். கிரீஸ் பூசக் கூடாது. கிரீஸ் தூளைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். அந்தப் பேணியின் மண்ணெண்ணெயைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி மூலையில் வைத்துவிடாதீர்கள் சகோதரிகளே. தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்துவிடுவது நம் வீடுகளில் நடக்கிற விபத்து. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இப்போது தீர்ப்புக்கு வருவோம்.

கழுவித் துடைத்து மேசையில் வைத்தபோது அந்தச் சக் வாய் திறந்து பேசியது போலத்தான் இருந்தது. உள்ளே இருந்தது அநேகமாகச் சீமெந்துத் தூள். அடியில் மட்டும் கொஞ்சம் பழைய துரு. தாடைகளில் வளைவோ உடைவோ இல்லை. ஆனால் வெளி வளையத்தில் குறடு கடித்த தழும்புகள் நான்கைந்து புதிதாகப் பளபளத்தன. இறுகிய பிறகு யாரோ குறட்டால் பிடித்துத் திருகியிருக்கிறார்கள்.

இரவல் பொருளை பிக்ஹில் 'ஆரியத்' என்பார்கள். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இதன் சட்டம் பாரமானது. இரவல் பொருள் வாங்கியவரின் பொறுப்பில் இருக்கிறது. அவர் கவனயீனமாக இல்லாவிட்டாலும் கூட, அது களவு போனால், தொலைந்தால், நெருப்பில் எரிந்தால் அதன் பெறுமதியை அவர் கொடுக்க வேண்டும். ஹனபி மத்ஹபில் அது அமானிதம் போன்றது, வரம்பு மீறினாலோ கவனயீனமாக இருந்தாலோ மட்டுமே பொறுப்பு. ஷாபிஈ மத்ஹபிலும் முக்கியமான ஒரு விதிவிலக்கு உண்டு. எந்த வேலைக்காக அனுமதி கொடுக்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்ததால் ஏற்பட்ட தேய்மானத்துக்கும் பழுதுக்கும் வாங்கியவர் பொறுப்பாளி அல்லர். உடுக்கக் கொடுத்த உடுப்பு உடுத்தித் தேய்ந்தால் நட்டஈடு இல்லை.

இதை அந்த மெஷினில் வைத்துப் பாருங்கள். சிலாப்பில் துளை போடுவதற்கென்று சொல்லித்தான் வாங்கினார்கள். சிலாப்பில் துளை போட்டால் தூள் கொட்டும். தூள் கொட்டினால் சக் இறுகும். ஆகவே இறுகியதற்கு வாங்கியவர் பொறுப்பல்லர். புது மெஷின் கேட்க உரிமையாளருக்கு இடமில்லை. அடியில் கிடந்த பழைய துருவோ ஒரு நாளில் வந்ததல்ல. எத்தனை மாதமாக எத்தனை வீட்டுக்குப் போனதென்று அதைப் பார்த்தால் தெரியும். ஆனால் குறட்டுத் தழும்பு வேறு. குறட்டால் திருகுவது அனுமதிக்கப்பட்ட பாவனையில் சேராது. இறுகியதும் உரிமையாளரிடம் கொண்டுபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தழும்புகளால் மெஷினின் பெறுமதி எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்கு வாங்கியவர் பொறுப்பு, உரிமையாளர் மன்னித்தாலன்றி. மெஷின் மழையில் கிடந்து துருப்பிடித்திருந்தால், அல்லது கேட்காமலே மச்சானுக்கோ மாமாவுக்கோ கைமாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தால், தீர்ப்பு வேறாகியிருக்கும். இரவல் வாங்கியவர் உரிமையாளரின் அனுமதியின்றி அதை இன்னொருவருக்கு இரவல் கொடுக்க முடியாது.

இதைச் சொன்னதும் உரிமையாளரான சகோதரி உடனே "அந்தத் தழும்பை நான் மன்னிச்சிட்டன்" என்றார். அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக. ஆனால் அதிலும் ஒரு விஷயம் இருந்தது. மெஷின் அவருடையதல்ல, கணவருடையது. கணவரின் பொருளை இரவல் கொடுப்பதற்கு அவருடைய அனுமதி வேண்டும், அல்லது அவர் பொருந்திக்கொள்வார் என்று வழக்கத்தால் தெரிந்திருக்க வேண்டும். அவ்வாறே அதில் ஏற்பட்ட குறையை மன்னிக்கும் உரிமையும் அவருடையதுதான். கணவர் வெளிநாட்டில் இருக்க வீட்டையும் பொருள்களையும் காத்துக்கொண்டிருக்கும் சகோதரிகள் நம்மில் ஏராளம். அவர்கள் இதை ஒரே தடவையில் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. இன்னின்ன சாமானை அயலவர் கேட்டால் கொடுக்கலாம், இன்னதைக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை வாங்கி வைத்துவிட்டால், வாசலில் ஒருவர் வந்து நிற்கும்போது தர்மசங்கடம் இல்லை. அன்று பையன் அங்கிருந்தே தன் வாப்பாவுக்குப் போன் எடுத்தான். விஷயத்தைக் கேட்ட அவர் முதலில் விசாரித்தது, சக்கைக் கழற்றியது யார் என்பதைத்தான். மகன் என்று கேட்டதும் குரலே மாறிவிட்டது. தழும்பைப் பற்றி அவர் பேசவே இல்லை. மன்னித்ததாகச் சொல்லச் சொல்லி நான்தான் கேட்டு வாங்கினேன், சட்டப்படி அது வேண்டியிருந்தது.

இரவல் விஷயத்தில் நபி (ஸல்) அவர்களின் நடைமுறை ஒன்றை நான் அந்த இரண்டாவது சகோதரிக்குச் சொல்லியனுப்பினேன். ஹிஜ்ரி 8இல் ஹுனைன் யுத்தத்துக்குப் புறப்பட்டபோது, ஸப்வான் இப்னு உமையாவிடமிருந்து கவசங்களை நபியவர்கள் பெற்றார்கள். ஸப்வான் அப்போது முஸ்லிமாகியிருக்கவில்லை. மக்கா வெற்றி கொள்ளப்பட்ட சில வாரங்கள்தான், ஆட்சி முஸ்லிம்களின் கையில். அபகரிப்பாகவா எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, இல்லை, பொறுப்பேற்றுக்கொண்ட இரவலாகவே என்று நபியவர்கள் பதிலளித்தார்கள். பின்னர் அவற்றில் சில தொலைந்துபோயின. நபியவர்கள் தாமாகவே நட்டஈடு தருவதாகச் சொன்னார்கள். ஸப்வானோ, இன்று தன் உள்ளத்தில் இஸ்லாத்தின் மீதுதான் அதிக நாட்டம் இருக்கிறது என்று கூறி அதை வாங்கவில்லை. கேட்கப்படுமுன் தாமே முன்வந்து நட்டஈடு பற்றிப் பேசியது அந்த மனிதரின் உள்ளத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். அந்தச் சகோதரி மறுநாள் ஒரு தட்டில் வட்டிலப்பத்தோடு மதில் பக்கத்து வீட்டுக்குப் போனதாக என் மனைவி மூலம் அறிந்தேன். குறடு பிடித்தது தன் மகன்தான் என்பதையும் அங்கே சொன்னாராம்.

இனி உங்களுக்குச் சில வார்த்தைகள். மெஷினை இரவல் கொடுக்கும்போது சாவியையும் சேர்த்துக் கொடுங்கள். சாவியை வயரில், பிளக்குக்கு அருகிலேயே கட்டி வைப்பது பழைய வேலைக்காரர்களின் வழக்கம். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாவி பிளக்கோடு இருந்தால், பிளக்கைக் கழற்றாமல் சாவியைச் சக்குக்குக் கொண்டுவர முடியாது. எந்தச் சுவரில், என்ன வேலைக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது துருவிக் கேட்பதாகாது. அனுமதி எதற்கு என்பதைப் பொறுத்துத்தான் சட்டமே நிற்கிறது என்று மேலே பார்த்தோம். கொடுக்கும்போது இருவரும் பார்க்க ஒரு தடவை வாயைத் திறந்து மூடிக் காட்டிவிட்டால், வந்தபோதே இறுக்கம் என்ற பேச்சுக்கு இடமிராது.

தலைக்கு மேலே துளைக்க வேண்டியிருந்தால் குடித்து முடித்த பிளாஸ்டிக் யோகட் கோப்பை ஒன்றை எடுத்து, அதன் அடியில் அலகைக் குத்திச் செருகி, வாய் சிலாப்பைப் பார்க்கும்படி வையுங்கள். தூள் எல்லாம் கோப்பைக்குள் விழும், சக்குக்குள் போகாது. காசு செலவில்லாத இந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தால் அந்த இரு வீட்டாரும் பதினொரு நாள் பேசாமல் இருந்திருக்க வேண்டியதில்லை. அலகை மாட்டும்போது மூன்று துவாரத்திலும் சாவியை வைத்து இறுக்குங்கள். ஒன்றில் மட்டும் இறுக்கினால் அலகு உள்ளே வழுக்கிச் சுழன்று, அதன் தண்டில் பிசிறு எழும்பித் தாடைகளோடு மாட்டிக்கொள்ளும்.

மெஷினைக் கையில் எடுத்து வேலை செய்யும் சகோதரிகளும் இப்போது இருக்கிறார்கள், எடுக்கத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தம் கையால் வேலை செய்து அந்த வருமானத்தைத் தர்மம் செய்தவர்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கருவியைப் பிடிப்பதில் பெண்ணுக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் உடை விஷயத்தில் அவதானம் வேண்டும். சுழலும் சக் தொங்குகிற எதையும் இழுத்துச் சுற்றிக்கொள்ளும். ஹிஜாபின் நுனியை உடைக்குள் செருகி, அபாயாவின் அகலமான கையை இறுக்கிக் கட்டி, தலைமுடி வெளியே தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையுறை பாதுகாப்பு என்று நினைத்துப் போட வேண்டாம். அலகு கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் திருகும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

சாவி இல்லாமல் கையால் திருகும் சக் இப்போது பற்றரி மெஷின்களில் பரவலாக வருகிறது. அதிலும் உள்ளே மூன்று தாடைகள்தான், பழுதும் மருந்தும் ஒன்றுதான். சாவித் துவாரம் இல்லாததால் பிடிக்க இடமிராது. பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றைச் சுற்றிப் பிடித்தால் கை வழுக்காது, தழும்பும் விழாது. எவ்வளவு ஊறப் போட்டும் திறக்காமல், அல்லது திறந்தும் தாடை வளைந்திருந்தால், மெஷினையே வீசிவிடாதீர்கள். சக்கைத் தனியாக ஹாட்வெயார் கடையில் வாங்கலாம். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு புது மெஷினின் விலையைக் கேட்டவர்களுக்கு இதன் பெறுமதி புரியும். வாங்கப் போகும்போது பழைய சக்கைக் கையோடு கொண்டு போங்கள். 10 மி.மீ., 13 மி.மீ. என்று வாயின் அளவு மட்டுமன்றி, பின்பக்கப் புரியின் அளவும் மெஷினுக்கு மெஷின் வேறுபடும்.

இன்னொன்று. இரவல் பொருளைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பும் அதற்கான செலவும் வாங்கியவருடையது. உரிமையாளர் வந்து வாசலில் நின்று கேட்கும் வரை வைத்திருக்கக் கூடாது. தூளைத் தட்டி, சக்கைத் துடைத்து, சாவி வயரில் இருக்கிறதா என்று பார்த்து, வேலை முடிந்த அன்றே, உரிமையாளர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். மதிலுக்கு மேலால் வைத்துவிட்டு வந்தால் ஒப்படைத்ததாகாது.